கானல்வரியில் தொடங்கி: பெருங்கதைகளில் ஆட்கள் ஏன் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்?

செங்காங் வாசகி

எங்கள் வட்டார நூலக வாசிப்புக் குழுவில் இந்த மாதம் சிலப்பதிகாரம். கானல்வரி என்ற கடற்கரைப் பாட்டுப் பகுதி முடிந்ததும் ஒரு தம்பி, "ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் கோவலன் மதுரைக்கே போயிருக்க மாட்டான்" என்றார். பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அறையை அடுத்த குழுவுக்கு விட வேண்டியிருந்ததால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. மிச்சத்தை இங்கே பேசுவோம்.

செய்தி போய்ச் சேராததால்தான் கதைகளில் மனஸ்தாபம் வருகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புத்தகத்தைத் திறந்தால் அப்படி இல்லை. புகார்க் கடற்கரையில் கோவலனும் அவன் காதலி மாதவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் யாழைச் சுருதி சேர்த்து, எந்தத் தாளம் என்று கேட்டு, அவன் கையில் கொடுக்கிறாள். அவன் வாசிக்கத் தொடங்கியதே "மாதவிதன் மனம் மகிழ" என்கிறார் இளங்கோ. இதைவிட நெருக்கமாக இரண்டு பேர் எப்படி இருக்க முடியும்?

அப்புறம் அவன் பாட்டில் வேறொரு பெண் இருப்பதாக அவளுக்குப் படுகிறது. அவளும் தனக்கு ஒரு குறிப்பு இருப்பது போலப் பாடுகிறாள். "மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். ஆனால் அதை அவளிடம் சொன்னானா? இல்லை. பொழுது போய்விட்டது, எழுவோம் என்கிறான். அவளோடு சேர்ந்து எழாமல் ஏவலாளர் சூழப் போய்விடுகிறான். அத்தனை வருட உறவில் கடைசியாக அவள் காதில் விழுந்தது "நேரமாகிவிட்டது" என்பதுதான்.

ஊழ்வினை வந்து உருத்தது என்று ஆசிரியரே காரணம் சொல்லிவிட்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊழ் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று கேட்கலாம் அல்லவா? நேருக்கு நேர் பேசியும் புரிதல் தவறிய இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள். தமிழ் என்றில்லை, எந்த மொழிக் கதையாக இருந்தாலும் சரி.

தெம்பனிஸ் தமிழ்

அக்கா, அந்தத் தம்பி நான்தான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, அதனால் விளக்குகிறேன்.

வாட்ஸ்அப் என்றது தூரத்துக்காக இல்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாத கேள்வியை எழுதிக் கேட்டுவிடலாம் என்பதற்காக. நான் தேசிய சேவையில் இருந்தபோது முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்களே வருத்தத்தைத் தட்டச்சு செய்துதான் அனுப்பிக்கொள்வார்கள். "யாரை நினைத்துப் பாடினாய்?" கோவலன் கேட்க வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விதான். பக்கத்தில் இருந்ததுதான் அவனுக்கு இடைஞ்சலாகப் போயிற்று என்பேன்.

இன்னொன்று. அங்கே நடந்தது உரையாடலே இல்லை. இரண்டு பேரும் வரிப்பாடல் பாடினார்கள். நெய்தல் பாட்டு என்றால் பிரிந்தவள் புலம்புவாள், மாலைப் பொழுது வரும், நெய்தல் பூ கூம்பும். இது மரபு. மரபுப்படி பாடிய பாட்டை அவன் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டான். கேட்டவன் செய்த தப்பு அது. இன்றைக்கு யாராவது சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் போட்டால் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்களே, அந்த வகை.

பழைய பலகை

பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உட்லண்ட்ஸில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி, வரிப்பாட்டு மரபு என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் இருவரும் முதலில் எதைப் பாடினார்கள் என்று கவனியுங்கள். கடலுக்கு வருமுன் காவிரி. கோவலன் பாடுகிறான்: வெண்குடைச் சோழன் கங்கையைப் போய்ச் சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், காவேரி, நீ வாழி. அதற்குக் காரணம் மாதர் கற்பு என்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் மன்னனை வாழ்த்துகிற வழக்கமான பாட்டு. பாடுகிறவன் யார்? கட்டிய மனைவியை வீட்டில் விட்டுவிட்டு இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். கணவன் எங்கே போனாலும் ஊடாத பெண்ணைப் புகழ்கிறான். மாதவிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? கண்ணகியை நினைத்துப் பாடுகிறான் என்றா? நீயும் ஊடாமல் இரு என்று தனக்குச் சொல்கிறான் என்றா? மூன்றாவதாக ஒருத்தி வந்துவிட்டாள் என்றா? மூன்றுக்கும் அந்த வரிகளில் இடம் இருக்கிறது.

இனி மாதவியின் பதில். வண்டு ஆர்க்க, பூவாடை போர்த்து, கயற்கண் விழித்து "நடந்தாய் வாழி காவேரி". இந்த வரியை நாம் எல்லோரும் தனியாகப் பிய்த்து எடுத்து வைத்திருக்கிறோம், மேடைகளில் சொல்கிறோம். அது ஒரு பதிலடி என்பது மறந்தே போய்விட்டது. அடுத்து அவள் சொல்வதைப் படியுங்கள்: நீ அப்படி நடந்ததெல்லாம் உன் கணவனின் செங்கோல் வளையாததால்தான், அதை நான் அறிந்தேன். பெண் ஊடாமல் இருப்பது பெருமை என்றான் அவன். ஆண் வளையாமல் இருந்தால் பெண் நிமிர்ந்து நடப்பாள் என்கிறாள் இவள்.

இதுவரை அவள் எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அவன் வாயைத் திறந்தபோது அவனே அறியாமல் வெளிவந்ததை அவள் துல்லியமாகப் பிடித்துவிட்டாள். அது அவனுக்கு உறைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கடற்கரைப் பெண்ணின் பிரிவுப் பாட்டுகள், அதற்குப் பிறகுதான் அவன் காதுக்கு வேறு ஆண் கேட்கிறான். வலிக்கிற அளவுக்குச் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்ட மனிதன் அடுத்த சொல்லைக் கோணலாகத்தான் கேட்பான். கானல்வரியில் நான் காண்பது இது.

வள்ளுவரையும் கொண்டுவருகிறேன். புலவி நுணுக்கம் என்ற 132-ஆம் அதிகாரம் முழுக்க நீங்கள் கேட்கிற விஷயம்தான். யாரையும்விட உன்னைக் காதலிக்கிறேன் என்கிறான், "யாரினும் யாரினும்" என்று ஊடுகிறாள். உன்னை நினைத்தேன் என்கிறான், அப்படியானால் இடையில் மறந்தீரா என்கிறாள். தும்முகிறான், வாழ்த்திவிட்டு "யாருள்ளித் தும்மினீர்" என்று அழுகிறாள். தும்மலை அடக்குகிறான், உம்மவர் நினைப்பதை மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். அன்பாகச் சொன்ன எந்தச் சொல்லும் தப்பவில்லை, தும்மல்கூடத் தப்பவில்லை. ஆனால் அங்கே யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. ஏன்? அவள் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள். இந்த ஒரு இடத்தில் தம்பி பக்கம் நிற்கிறேன்.

தெம்பனிஸ் தமிழ்

நன்றி ஐயா. "நடந்தாய் வாழி காவேரி" பதில் பாட்டு என்பது எனக்கு இதுவரை தெரியாது. பள்ளியில் அந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்தோம்.

பிடோக் அக்கா

இவ்வளவு பெரிய விஷயத்தில் வீட்டு விஷயத்தைச் சேர்க்கலாமா தெரியவில்லை, ஆனால் எனக்குத் தோன்றியது ஜாடைப் பேச்சு.

பிடோக்கில் நாங்கள் மூன்றறை வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். பாட்டி எதையும் அம்மாவிடம் நேராகச் சொல்ல மாட்டார். என்னை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கஞ்சி போதும்டி கண்ணு, யாரும் எனக்காகக் கஷ்டப்பட வேண்டாம்" என்பார். அடுப்படியில் அம்மா காதில் விழ வேண்டும் என்றுதான். அம்மாவுக்கு அது தன் சமையலைக் குறை சொல்வதாகவே கேட்டது. மறுநாள் மீன் குழம்பு, கோழி, அப்பளம் என்று இன்னும் கூடுதலாகச் செய்து வைப்பார். பாட்டி இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். வாரக்கணக்கில் இது நடந்த பிறகு அத்தை வந்து பார்த்துச் சொன்னார், பாட்டிக்குப் பல்செட் ஈறில் உரசிப் புண்ணாகியிருந்தது. பாட்டி கேட்டது நிஜமாகவே கஞ்சிதான்.

நான் சொல்ல வருவது, நம் இலக்கியமே இந்தப் பழக்கத்தை அங்கீகரித்திருக்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்பான். தோழி அவனைப் பார்த்துப் பேச மாட்டாள். தலைவியிடம் பேசுவது போல, ஊர் பழி பேசுகிறது, காவல் கூடிவிட்டது என்பாள். சிறைப்புறமாகச் சொல்லியது என்று கீழே குறிப்பு இருக்கும். அவனும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வான். குறுந்தொகையில் இப்படி எத்தனையோ. அங்கே அது பிசகாமல் நடக்கிறது, ஏனென்றால் மூன்று பேருக்கும் ஆட்டத்தின் விதி தெரியும். கானல்வரியில் விதி கலைந்துவிட்டது. இது பாட்டா, எனக்குச் சொல்வதா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. என் பாட்டி கதையும் அப்படித்தான்.

மீனா ஜூரோங்

நான் தொடக்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவள். ஐயாவும் தம்பியும் "கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்" என்பதில் ஒன்றுபட்டுவிட்டதால் ஒரு எதிர் உதாரணம் தருகிறேன்.

ஜேன் ஆஸ்டினின் எம்மா, 1815-இல் வந்த நாவல். எம்மா தன் தோழி ஹேரியட்டுக்குக் கல்யாணம் முடித்து வைக்கத் துடிப்பவள். ஒருநாள் ஹேரியட், தன்னைவிட மிக உயர்ந்த ஒருவரைத் தான் மனத்தில் வைத்திருப்பதாக ஜாடையாகச் சொல்கிறாள். அவர் செய்த உதவியை நினைத்தால் அப்படித் தோன்றுவது இயல்புதானே என்கிறாள் எம்மா. ஹேரியட் உருகிப்போய் ஆமாம் என்கிறாள். பெயரை மட்டும் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று எம்மாவே நாகரிகமாக முடித்துவிடுகிறாள்.

எம்மா மனத்தில் இருந்தவன் ஃப்ராங்க் சர்ச்சில். வழியில் ஜிப்சிக் கூட்டம் மறித்தபோது ஹேரியட்டைக் காப்பாற்றியவன். ஹேரியட் மனத்தில் இருந்தவர் நைட்லி. நடன விருந்தில் ஒருவன் அவளோடு ஆட மறுத்து எல்லோர் முன்னாலும் அவமதித்தபோது தானே எழுந்து வந்து அவளை ஆட அழைத்தவர். இரண்டுமே உதவி, இரண்டு பேருமே "அவர்". பேச்சு அழகாகப் பொருந்திப் போகிறது. உண்மை தெரியும்போது எம்மா இடிந்து போகிறாள், ஏனென்றால் நைட்லியைத் தானே காதலிக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிகிறது.

இங்கே யாரும் கோபப்படவில்லை, யாரும் மறைக்கவில்லை, சந்தேகம் என்பதே எழவில்லை. சந்தேகம் வந்தவர்தானே கேள்வி கேட்பார்? குறளில் அவளுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டாள். எம்மாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. "புரிந்துவிட்டது" என்ற நிம்மதிதான் ஆக ஆபத்தானது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். பரீட்சைக்கு அவர்கள் அதை எழுதினார்களோ இல்லையோ, நான் ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன்.

அதே ஆசிரியர் 1813-இல் வெளியிட்ட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார் வருகிறார். எலிசபெத்திடம் திருமணம் கேட்கிறார், அவள் மறுக்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் மறுப்பதுதானே வழக்கம் என்று மகிழ்கிறார். அவள் எவ்வளவு தெளிவாக மறுக்கிறாளோ அவ்வளவு உறுதியாக அவருக்கு அது சம்மதமாகப் படுகிறது. அவர் காதுக்குள் மறுப்பு என்ற சொல் நுழைவதற்கு வழியே இல்லை. கேள்வி கேட்பதால் இந்த மனிதரிடம் என்ன ஆகிவிடும்?

இரவுப்பணி

தாதியாக வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பெருங்கதை கம்பராமாயணம், அப்பா தினமும் படிப்பார்.

மாரீசன் ராமன் குரலில் கத்துகிறான். சீதை துடிக்கிறாள். இலக்குவன் என்ன சொல்கிறான்? அண்ணனை வெல்ல யாராலும் முடியாது, அது அரக்கன் குரல், நீங்கள் பயப்பட வேண்டாம். அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. தெளிவாகவும் சொன்னான். அவளுக்கு அது எதுவுமே ஏறவில்லை. "ஒரு பகல் பழகினார் உயிரை ஈவரால்" என்கிறாள். ஒருநாள் பழகியவர்களே உயிரைக் கொடுப்பார்கள், நீ அண்ணனுக்கு ஆபத்து என்று கேட்டும் பதறாமல் நிற்கிறாயே, இதற்கு வேறு என்ன பொருள் என்கிறாள். தீயில் விழுந்து சாவேன் என்கிறாள். அதற்கு மேல் அவன் எப்படி நிற்பான்?

அவள் அவன் சொல்லைக் கேட்கவில்லை, அவன் நின்ற விதத்தைக் கேட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இரவு மூன்று மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால் நாங்கள் பதற்றத்தைக் காட்டக் கூடாது, அப்படித்தான் பழகியிருக்கிறோம். குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசுவோம். மகளோ மகனோ, "அப்பாவுக்கு இப்படி ஆகிறது, நீங்கள் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறீர்களே" என்று அழுவார்கள். அந்த நேரத்தில் ஆக்சிஜன் அளவைச் சொல்லி விளக்கினால் இன்னும் கோபம் வரும். முதலில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கம் காதில் ஏறும். இலக்குவன் "எனக்கும் பயமாக இருக்கிறது அண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அவன் பேச்சைக் கேட்டிருப்பாள். ஆனால் அவனுக்குப் பயமே இல்லையே, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

செங்காங் வாசகி

இரவுப்பணி, உங்கள் பதிவை நான் இரண்டு தடவை படித்தேன். அந்தக் காட்சியில் சீதை பக்கம் நின்று ஒருவர் பேசி இப்போதுதான் கேட்கிறேன். அவளை அவசரக்காரி என்றே எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள்.

தெம்பனிஸ் தமிழ்

பிடோக் அக்கா சொன்ன மறைந்து கேட்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ. சூழ்ச்சிக்காரன் இயாகோ, ஒதெல்லோவை ஒளிந்து நின்று பார்க்கச் சொல்கிறான். பிறகு காசியோவிடம் பியான்கா என்ற பெண்ணைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறான். காசியோ சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். தூரத்தில் நிற்கும் ஒதெல்லோ அந்தச் சிரிப்பெல்லாம் தன் மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றியது என்று நம்பிவிடுகிறான். அவள் நேரில் வந்து எவ்வளவு சொல்லியும் நம்பாதவன், தனக்காகச் சொல்லப்படாத பேச்சை உடனே நம்புகிறான். ஒட்டுக்கேட்டது பொய்யாக இருக்காது என்று மனிதனுக்கு ஒரு நம்பிக்கை. அதைத்தான் இயாகோ பயன்படுத்திக்கொண்டான்.

சிராங்கூன் வாசகன்

நம் ஊர்க் கதைகளை யாரும் சொல்லவில்லையே? பழைய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தில் இப்படி ஏதும் இல்லையா?

பழைய பலகை

இருக்கிறது. 1888-இல் சிங்கை நேசன் இதழில் மகதூம் சாயபு எழுதிய வினோத சம்பாஷணை உரையாடல் வடிவிலேயே வந்தது. இங்கே தமிழில் கதை சொல்லத் தொடங்கியதே இரண்டு பேர் பேசிக்கொள்வதில்தான் என்பது எனக்குப் பெருமையான விஷயம். அதைத் தனி இழையாகப் பேசுவோம், இதில் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

தம்பி ஒதெல்லோவைச் சொன்னதும் எனக்குப் புறஞ்சேரி இறுத்த காதை நினைவுக்கு வந்துவிட்டது. மாதவி இரண்டு கடிதம் எழுதினாள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதல் கடிதம் அன்று மாலையே போனது. தாழை மடலில், பிச்சி மொட்டை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள். அவள் தோழி வசந்தமாலை கடைத்தெருவில் அவனைக் கண்டு கொடுத்தாள். ஆகவே செய்தி போய்ச் சேர்ந்தது. அவன் வாங்க மறுத்தான். மறுக்கும்போது என்ன சொன்னான் என்பதுதான் முக்கியம். கண்கூடு வரி, காண்வரி, உள்வரி, புறவரி என்று தொடங்கி எட்டு வகைக் கூத்தைப் பட்டியல் போடுகிறான். அவள் அருகே வந்து நின்றது, விலகிப் போனது, பிரிவில் வாடியது எல்லாமே அவள் ஆடிய கூத்து, ஆடல் மகள்தானே என்கிறான். ஒரு மாலை நேரத்துச் சந்தேகம் பின்னோக்கிப் போய், அவர்கள் வாழ்ந்த வாழ்வு முழுவதையும் வேறு பொருளில் எழுதிவிட்டது. அவள் இப்போது என்ன எழுதினாலும் அது ஒன்பதாவது கூத்தாகத்தான் அவனுக்குத் தெரியும். "மாலை வாராவிட்டாலும் காலையில் காண்போம்" என்று அங்கே அவள் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்.

இரண்டாவது கடிதம் கோசிகமாணி என்ற அந்தணன் கையில். கோவலன் மதுரைக்குப் போகும் வழியில் இருக்கிறான், துயரத்தில் உருமாறிவிட்டான். கோசிகனுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த மாதவிக் கொடியைப் பார்த்துப் பேசுகிறான்: கோவலன் பிரிந்த துயரில் வாடும் மாதவியைப் போல நீயும் இந்த வெயிலில் வாடினாயோ என்று. கொடியிடம் சொன்ன சொல். அது கோவலன் காதில் விழுகிறது. நீ சொன்னதன் பொருள் என்ன என்று அவனே வந்து கேட்கிறான். முதல் கடிதத்தை வாங்காதவன் இப்போது கேட்டு வாங்குகிறான்! பிடோக் அம்மா சொன்ன சிறைப்புறம் இங்கே யாரும் திட்டமிடாமல் நடந்துவிடுகிறது. தம்பி சொன்ன நம்பிக்கையும் இங்கே இருக்கிறது, ஆனால் இங்கே அது உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னொன்று. ஓலையை மூடிய மண் இலச்சினையில் அவள் கூந்தல் பதிந்திருக்கிறது. கூட வாழ்ந்த காலத்தில் அவள் பூசிய எண்ணெயின் மணம் அதில் வருகிறது. அந்த மணத்தால் அவனுக்குக் கையை எடுக்க மனமில்லை என்கிறார் இளங்கோ. பிரித்துப் படிப்பது அதற்கு அப்புறம்தான். எந்த வாதமும் அவன் மனத்தைத் திறக்கவில்லை. மூக்கு வழியாகப் பழைய நாள் உள்ளே வந்தது. கூத்து என்று அவன் தள்ளிவிட்ட நாள்கள்தான் திரும்பி வந்தன. இரவுப்பணியில் இருக்கும் பிள்ளை கையைப் பிடிப்பதைப் பற்றிச் சொன்னாளே, நான் பல வருடம் வகுப்பில் விளக்க முயன்றதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மீனா ஜூரோங்

ஐயா, இதற்கு இணையாக, நான் சொன்ன எலிசபெத்துக்கு அவளை விரும்பும் டார்சி எழுதிய கடிதம் இருக்கிறது. எலிசபெத் முதல் தடவை படிக்கும்போது எதையும் நம்புவதில்லை, பொய் என்று மடித்து வைத்துவிடுகிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே இதுவரை அறியவில்லை என்ற இடத்துக்கு வருகிறாள். பேச்சைத் திரும்பக் கேட்க முடியாது, எழுத்தைத் திரும்பப் படிக்கலாம். ஆனால் கோவலன் முதல் ஓலையைக் கையில் வாங்கவே இல்லையே, வேறு நாளில் திரும்பப் படிக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

செங்காங் வாசகி

இதையெல்லாம் படித்துவிட்டு மதுரைக் காண்டத்தைத் திரும்ப எடுத்தேன். ஒன்று கண்ணில் பட்டது, இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாண்டியன் ஏன் விசாரிக்காமல் ஆணையிட்டான்? அரசவையில் கூத்தும் பாட்டும் நடந்திருக்கிறது. ஆடல் மகளிர் அரசன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டார்கள் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை வெளியே காட்டாமல், தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அந்தப்புரம் நோக்கி அரசன் போய்க்கொண்டிருக்கிறான். வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் என் வீட்டில் இருக்கிறான் என்கிறான். சிலம்பு யாருடையது? தேவியுடையது. அந்த நிமிடத்தில் அரசனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்று காவலரிடம் சொல்லிவிட்டு நகர்கிறான். தேரானாகி என்கிறார் இளங்கோ, ஆராயவில்லை. அவன் மனம் முழுக்க அடுத்த அறையில் இருந்தது.

கோவலனும் மாதவியும் பாட்டைக் கேட்டு ஊடினார்கள். அரசனும் தேவியும் பாட்டைப் பார்த்து ஊடினார்கள். முதல் ஊடல் அவனைப் புகாரிலிருந்து கிளப்பியது, இரண்டாவது ஊடல் அவனைக் கொன்றது. இரண்டிலும் ஒருவர் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் எழுந்து போகிறார். அவன் நேரமாகிவிட்டது என்றான், அவள் தலை வலிக்கிறது என்றாள். இந்த ஒற்றுமையை ஆசிரியர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

இரவுப்பணி

அக்கா, புல்லரிக்கிறது. தலைவலி என்று நான்கூட இனிமேல் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

தெம்பனிஸ் தமிழ்

ஒரு சந்தேகம் ஐயா. இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் கோவலன் மாதவிக்குப் பதில் அனுப்பினானா? அவள் மேல் தவறில்லை, தவறு என்னுடையது என்று உணர்ந்ததாக வருகிறது. அதை அவளிடம் சொன்னதாக வருகிறதா? நான் உரையில் தேடினேன், கிடைக்கவில்லை.

பழைய பலகை

வரவில்லை தம்பி. அந்த ஓலையையே அவன் திருப்பிக் கோசிகனிடம் கொடுக்கிறான், தன் பெற்றோரிடம் காட்டச் சொல்லி. "அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்" என்று மாதவி எழுதியிருந்தாள். பெரியோர்க்குச் செய்ய வேண்டிய பணியை விட்டு, குலமகளோடு இரவோடு இரவாக நீங்கள் போகும்படி நான் செய்த பிழை என்னவென்று தெரியவில்லை, என் நெஞ்சின் தவிப்பை நீங்கள் நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மகன் பெற்றோருக்கு எழுதினாலும் அதே சொற்கள் பொருந்துவதாக அவனுக்குத் தோன்றுகிறது. என் வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் ஆச்சரியப்படுவார்கள், ஒரே கடிதம் இரண்டு பேருக்குப் பொருந்துகிறதே என்று. நானும் அதன் அழகை மட்டுமே சொல்லி நகர்ந்து வந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. தன் பிழை என்ன என்று தெரியவில்லை என்றுதான் அவள் கேட்டாள். உன் மேல் பிழை இல்லை என்ற பதில் அவன் மனத்தில் இருந்தது, வாயில் வரவில்லை, ஓலையில் ஏறவில்லை. அவனைப் பொறுத்தவரை மனஸ்தாபம் தீர்ந்துவிட்டது. பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மதுரைக்குள் போகிறான். அதற்குப் பிறகு மாதவிக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேள்விப்படுவது நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற அந்தணன் வாயிலாக. கோவலன் இறந்த செய்தி கேட்டு அவள் துறவு பூண்டாள், மகள் மணிமேகலையையும் தன் தாய் சித்திராபதியின் வழியில் விடவில்லை.

கடிதத்தைக் கொண்டுபோன கோசிகன் புகாருக்குத் திரும்பி அவளிடம் ஏதாவது சொல்லியிருப்பான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் இளங்கோ அதை எழுதவில்லை.